சொந்தப் பாடமே தெரியாத பிள்ளைகளுக்குப் பல்துறைப் பாடம் எதற்கு?

3 ஆகஸ்ட் 2025 – வாசகர் கேள்வி

"பெங்களூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் துறையில் இருக்கிறேன். 2020-இல் தேசியக் கல்விக் கொள்கை வந்ததிலிருந்து 'பல்துறை' என்ற சொல் இல்லாத சுற்றறிக்கை கிடையாது. எங்கள் மூன்றாம் ஆண்டுப் பையன்களில் பாதிப் பேருக்கு ஒரு பீமுக்கு பெண்டிங் மொமென்ட் படம், அதாவது பாரம் உத்தரத்தை எங்கே எவ்வளவு வளைக்கப் பார்க்கிறது என்ற படம், போடத் தெரியவில்லை. அவனைக் கொண்டுபோய் பி.காம். பிள்ளைகளோடு உட்கார வைத்து 'நகரத்தின் தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்' என்றால் என்ன வரும்? நாற்பது ஸ்லைடு வரும். எல்லாரும் எல்லாவற்றையும் பற்றி இரண்டு வரி பேசுவார்கள். முதலில் அவரவர் பாடத்தை ஒழுங்காகப் படிக்கட்டும், கலப்பதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். இப்படி வகுப்பு எடுப்பவர்கள் இங்கே இருந்தால் மறுத்துப் பேசுங்கள், கேட்கிறேன்."

3 ஆகஸ்ட், இரவு

நான் எடுக்கிறேன் சார், பெங்களூரிலேயே. சுற்றுச்சூழல் பொறியியல் என் பாடம். சிவில், கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.காம்., ஐந்தாண்டுச் சட்டம், பி.ஏ. பொருளாதாரம் எல்லாம் கலந்து வரும் விருப்பப் பாடம் ஒன்றை நடத்துகிறேன். பொருள் எப்போதும் ஒன்றுதான்: இங்குள்ள பெல்லந்தூர் ஏரி ஏன் நுரைக்கிறது, யார் என்ன செய்ய வேண்டும்.

நாற்பது ஸ்லைடு பற்றி நீங்கள் சொல்வது உண்மை. அதற்கு மருந்து 'முதலில் பாடம், அப்புறம் கலப்பு' என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. தன் பாடம் எந்த இடம் வரைக்கும் பதில் சொல்லும், எங்கே கைவிரித்துவிடும் என்பது வேற்றுப் பாடக்காரர் குறுக்குக் கேள்வி கேட்கும்போதுதான் மாணவனுக்குத் தெரிகிறது. அப்படி மாட்டிக்கொண்ட பையன் தன் புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் படிக்கும் விதமே வேறு. நாளைக்கு ஓர் உதாரணம் எழுதுகிறேன்.

4 ஆகஸ்ட்

சிவில் பிள்ளைகளின் முதல் வாரக் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஏரியை நுரைக்க வைப்பது நகரத்தின் கழிவுநீர். அதை அளக்க முதலில், நகரத்துக்கு வரும் காவிரி நீர் எவ்வளவு? பழைய நான்கு கட்டங்களில் நாளொன்றுக்கு 145 கோடி லிட்டர். 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத்தில் 77.5 கோடி லிட்டர். வழங்கிய நீரில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பது பாடப்புத்தக விதி. ஆக ஐந்தாம் கட்டத்தால் மட்டும் 62 கோடி லிட்டர் புதுக் கழிவுநீர். அதற்கு இத்தனை சுத்திகரிப்பு நிலையம் கட்டு, நுரை நிற்கும். முடிந்தது.

ஒரு முறை ஒரு பையன் இதைக் கரும்பலகையில் அழகாகப் போட்டு முடித்தான். பொருளாதாரம் படிக்கும் பெண் ஒருத்தி எழுந்து, "எங்க லேஅவுட்டுக்குக் காவிரியே வரலையே. போரும் டேங்கரும்தான். அந்தத் தண்ணி உன் கணக்குல எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

அவனிடம் பதில் இல்லை. குழாயில் வந்தால் என்ன, டேங்கரில் வந்தால் என்ன, குளித்த தண்ணீர் சாக்கடைக்குத்தான் போகும். 2024 கோடையில் அரசே சொன்ன கணக்கில் பெங்களூரின் 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டிருந்தன. வறள்கிற அளவுக்கு இறைத்திருக்கிறோம் என்றால், அந்த இறைப்பில் பெரும்பகுதி எங்கேயோ கழிவாகப் போயிருக்கிறது. எந்த வாரியத்தின் மீட்டரும் அதை அளக்கவில்லை.

அந்த வாரம் அந்தப் பையன் நிலத்தடி நீர் அத்தியாயத்தைத் தானே எடுத்துப் படித்தான். போன செமஸ்டரில் அதில் தேர்வு எழுதித் தேறியவன்தான். தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வரையளவிலிருந்து தொடங்கும் வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டு வந்தான். இரண்டு கணக்குக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் காட்டி, "மேடம், இந்த வித்தியாசம்தான் போர் தண்ணியா?" என்று கேட்டான். முழுக்க அது இல்லை; குழாய்க் கசிவு, வணிகப் பயன்பாடு எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஆனாலும் கேள்வி பிறந்துவிட்டது. பொருளாதாரப் பெண் கேட்காமல் இருந்திருந்தால் அவன் ஹைட்ராலஜியை மறுபடி தொட்டிருக்கவே மாட்டான்.

5 ஆகஸ்ட்

ஒரு வாசகர் நுரை எப்படி வருகிறது என்று கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். சோப்பிலும் டிடர்ஜென்டிலும் இருக்கும் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் வேதிப்பொருள்கள்தான் மூலம். ஆக்ஸிஜன் உள்ள நீரில் பாக்டீரியா அவற்றைச் சிதைத்துவிடும். பெல்லந்தூரில் ஆக்ஸிஜன் இல்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழக (ஐ.ஐ.எஸ்.சி.) ஆய்வாளர்கள் சொல்வதன்படி, சாக்கடை நீர் இந்த ஏரியைக் கடக்க 10 முதல் 15 நாள் ஆகும். அதற்குள் கொஞ்சம் சிதைகிறது, மிச்சம் அடிச்சகதியில் ஒட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டே போகிறது. பெருமழையில் அந்தச் சகதி கலங்கி, கலிங்கில் விழும்போது காற்றுப் புகுந்து நுரையாக எழுகிறது. மழை பெய்தால் ஏரி சுத்தமாகும் என்று நினைக்கிறோம், இங்கே மழைக்குப் பிறகுதான் நுரை ரோட்டுக்கு வருகிறது.

தீ வேறு கதை. ஏரியே 2015, 2017, 2018 ஆண்டுகளில் தீப்பிடித்துச் செய்தியானது. 2018 ஜனவரித் தீயை அணைக்க ராணுவ வீரர்கள் வந்தார்கள்.

7 ஆகஸ்ட்

'களப்பயணம் என்றால் பஸ் பிடித்து ஏரிக்கரையில் போட்டோ எடுப்பது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் ஏரிக்கரைக்கு இரண்டாவதாகத்தான் கூட்டிப் போவேன். முதலில் போவது அடுக்ககத்தின் பேஸ்மென்டுக்கு.

பெங்களூரில் பெரிய அடுக்ககங்கள் தங்கள் கழிவுநீரைத் தாங்களே சுத்திகரிக்க வேண்டும். கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே ஓர் அறை, கான்கிரீட் தொட்டிகள், காற்று ஊதும் ஒரு ப்ளோயர், ஓர் ஆபரேட்டர். நாங்கள் போன ஒரு கட்டடத்தில் ஆபரேட்டர் தர்மபுரிக்காரர். மாணவர்கள் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பி.காம். பையன் ஒருவன் சுவரில் கயிற்றில் தொங்கிய ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினான். அந்த மாதம் முழுக்க நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். 7.2. தினமும் 7.2. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே உட்காரலில் எழுதியது. கணக்குப் பதிவேட்டில் இப்படி இருந்தால் தணிக்கையாளர் என்ன செய்வார் என்று அவனுக்கு இரண்டாம் ஆண்டிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சிவில் மாணவர்களில் ஒருவர்கூட அந்த நோட்டைத் தொடவில்லை.

அவன் அடுத்துக் கேட்டது மின்கட்டணம். தொட்டியில் இருக்கும் பாக்டீரியாவுக்கு இருபத்துநாலு மணி நேரமும் காற்று வேண்டும். இந்த மாதிரி நிலையத்தில் அதிக கரன்ட் இழுப்பதும் அந்த ப்ளோயர்தான். பில்லைப் பார்த்தால் ப்ளோயர் முழு நாளும் ஓடியதற்கு உரிய யூனிட் வரவில்லை.

ஆபரேட்டர் ஒளிக்கவில்லை. "நைட்டு பதினொன்னுக்கு மேல ஓட்டினா கீழ் வீட்டுக்காரங்க போன் பண்றாங்க தம்பி, சத்தம்னு. கரன்ட் பில் ஏறினா அசோசியேஷன்ல என்னத்தான் கேக்குறாங்க. என் சம்பளத்துல நான் என்ன பண்ண முடியும்?"

வேன் திரும்பி வரும் வழியெல்லாம் இதே வாதம்தான். சத்தம் குறைந்த ப்ளோயர் என்ன விலை என்றான் சிவில். அந்தச் செலவை எத்தனை வீடு பங்கிடும் என்றான் பி.காம். சத்தம் என்று புகார் சொன்னவரும் சட்டப்படி தவறு செய்தவரா என்று கேட்டாள் சட்ட மாணவி. ஆன்லைன் சென்சார் வைத்துவிடலாம் என்றான் கம்ப்யூட்டர் சயின்ஸ். அந்த சென்சாரை யார் கழுவுவது என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை. ஆசிரியராக எனக்குப் பிடித்த வகுப்பு அதுதான், அது வேனில் நடந்தது.

10 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட சிவில் ஆசிரியர் திரும்பி வந்திருக்கிறார்: "நீங்கள் சொல்லும் இரண்டு பையன்களும் ஏற்கெனவே கெட்டிக்காரர்கள். பெண்டிங் மொமென்ட் போடத் தெரியாதவனைப் பற்றிச் சொல்லுங்கள்."

நியாயமான கேள்வி. மூன்றாம் தேதி எழுதியதை இவருக்காகக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். எதுவும் தெரியாமல் வந்தால் குறுக்குக் கேள்வியால் பயனில்லை. கேள்வி வந்து விழ ஒரு பதிலாவது அவன் கையில் இருக்க வேண்டும். அதனால் என் வகுப்பில் குழு சேரும் முன்னாலேயே ஒரு கட்டாயம் உண்டு: தன் பாடத்தை மட்டும் வைத்து, வேறு எதையும் தொடாமல், ஏரி ஏன் நுரைக்கிறது என்று நான்கு பக்கம் எழுதித் தர வேண்டும். அதைத் திருத்துவது அவன் துறை ஆசிரியர், நான் அல்ல. அதில் தேறாதவன் குழுவில் சேர மாட்டான். திரும்ப எழுதிக் கொண்டுவர வேண்டும்.

'முதலில் சொந்தப் பாடம்' என்று நீங்கள் சொன்னதை நானும் ஏற்கிறேன் என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதற்கு மூன்று வருடம் கேட்கிறீர்கள், நான் மூன்று வாரம் கேட்கிறேன். மூன்று வருடம் காத்திருந்தால், என் கணக்கில் எல்லாமே அடங்கும் என்ற நம்பிக்கை அவனுக்குள் இறுகிப்போயிருக்கும். இறுதியாண்டில் அதை அசைப்பது கஷ்டம்.

10 ஆகஸ்ட், இன்னும் கொஞ்சம்

குழுவில் சேர்ந்த பிறகு ஒருவன் தூங்க மற்றவர்கள் எழுதுவது என்ற பழைய நோய்க்கு ஒரு பழைய மருந்து இருக்கிறது. 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் செய்தது. கறுப்பின, வெள்ளை, மெக்சிகோ வழிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்த காலம் அது. ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். உன் துண்டு எனக்கு வேண்டும், என் துண்டு உனக்கு வேண்டும். தேர்வு எல்லாத் துண்டிலும் வரும். பேசாமல் தீராது.

நான் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இதைத்தான் செய்கிறேன். சட்ட மாணவியிடம் சட்டம் கேட்பதில்லை. ப்ளோயர் நின்றால் தொட்டியில் என்ன நடக்கும் என்று அவளிடம் கேட்பேன். சிவில் பையனிடம் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கோட்பாட்டைக் கேட்பேன். வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அதை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது என்பதை அவன் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பாலாற்றில் மாசுபடுத்தியது யார் என்று விரல் நீட்ட முடிந்தது. பெல்லந்தூரில் துணி துவைக்கும் ஒவ்வொரு வீட்டையும் அல்லவா நீட்ட வேண்டும், அப்போது அந்தக் கோட்பாடு என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. பதில் சொல்லத் திணறினால் நண்பனிடம் ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். திணறியவனுக்கும் மார்க் குறையும், சொல்லிக் கொடுக்காதவனுக்கும் குறையும்.

11 ஆகஸ்ட்

'இதெல்லாம் புதுசா?' இல்லை. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 1969-லேயே விரிவுரையைக் குறைத்து, நோயாளியின் பிரச்சினையிலிருந்து பாடத்தைத் தொடங்கியது. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974-இல் பிறந்ததே இந்த முறையில்தான். நம் ஊரிலேயே ஐ.ஐ.எஸ்.சி. 2011-இல் இளநிலைப் படிப்பு தொடங்கியபோது அறிவியல் மாணவர்களுக்கு கலைத்துறைப் (ஹியூமானிட்டீஸ்) பாடங்களையும் சேர்த்து வைத்தது.

ஆனால் மருத்துவப் பள்ளி உதாரணத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. காய்ச்சல் என்று வருபவருக்குக் காய்ச்சல் போனால் தீர்ந்தது. ஏரிக்கு எது தீர்வு? நுரை வராதது தீர்வா, மீன் பிழைப்பது தீர்வா, கரையோர ஃபிளாட் விலை ஏறுவது தீர்வா? 1973-இல் ரிட்டல், வெப்பர் என்ற இரண்டு பெர்க்லி பேராசிரியர்கள் நகரத் திட்டமிடல் பற்றி எழுதிய கட்டுரை இதைத்தான் சொல்கிறது: இந்த வகைப் பிரச்சினையை எப்படி வரையறுக்கிறோமோ அதற்குள்ளேயே தீர்வும் அடங்கிவிடுகிறது. தீர்ந்துவிட்டது என்று நிறுத்திக்கொள்ள ஓர் இடமும் கிடையாது.

எனவே நான் மாணவர்களுக்கு உண்மையில் சொல்லிக் கொடுப்பது எல்லை போடுவதைத்தான். எது வரைக்கும் நம் பிரச்சினை, யாரை உள்ளே சேர்த்தோம், யாரை வெளியே விட்டோம், ஏன் விட்டோம். இதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டால் போதும்.

15 ஆகஸ்ட்

விடுமுறை. நேரம் இருக்கிறது, அந்த லாரிக் கதையை எழுதிவிடுகிறேன்.

ஈஜிபுராவிலிருந்து ஒரு பெண் வந்தாள், பி.காம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலத்துக்குத் தடுமாற்றம். அம்மா பெல்லந்தூர்ப் பக்கம் அடுக்ககத்தில் வீட்டு வேலை செய்கிறார். முதல் ஒரு மாதம் அந்தப் பெண் குழுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. குழு வரைந்த படம் சுவரில் இருந்தது: குழாய், வீடு, பேஸ்மென்ட் தொட்டி, சாக்கடை, ராஜகாலுவே எனப்படும் மழைநீர்க் கால்வாய், ஏரி. எல்லாவற்றையும் அம்புக்குறி இணைத்தது. பார்க்க நன்றாக இருந்தது.

ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்தாள். "மேடம், அம்மா காலையில வேலைக்குப் போறப்ப அந்த கேட்ல கழிவுநீர் லாரி நிக்குமாம். ட்யூப் போட்டு உறிஞ்சி எடுத்துட்டுப் போகுமாம். அது எங்க போய்க் கொட்டுது? நம்ம படத்துல அது இல்லையே."

இல்லைதான். சுத்திகரிப்பு நிலையம் சரியாக ஓடாத கட்டடம், சகதி நிறைந்த கட்டடம், லாரியைக் கூப்பிடுகிறது. அந்த அளவு சாக்கடைக்குப் போகவில்லை, எங்கள் கணக்கிலும் இல்லை.

"இதை ஏன் வகுப்பில் சொல்லவில்லை?" என்றேன்.

"அது அம்மா சொன்னதுதானே மேடம்."

புத்தகத்தில் இருப்பதும் இணையத்தில் இருப்பதும் அறிவு, அம்மா கண்ணால் பார்த்தது பேச்சு என்று அந்தப் பிள்ளையை நாம்தான் பழக்கியிருக்கிறோம், பள்ளியிலிருந்து. மறுநாள் அவளையே பலகை முன்னால் நிறுத்தி, படத்தில் லாரியை வரையச் சொன்னேன். வரைந்து அம்புக்குறி போட்டு, அதன் நுனியில் ஒரு கேள்விக்குறி வைத்தாள். அந்தக் கேள்விக்குறியைத் தேடித்தான் குழு அடுத்த வாரங்களில் அலைந்தது. லாரி டிரைவர்களோடு பேச அவள் தமிழும் கன்னடமும்தான் உதவின. நகருக்கு வெளியே தோட்டக்காரர்கள் எருவாக வாங்கிக்கொள்வார்கள், வாங்க ஆள் இல்லாத நாளில் 'வேற வழி' என்று ஒரு டிரைவர் சொன்னார். வேற வழி என்ன என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் நோண்டவில்லை.

அந்தக் குழுவில் பிரமாதமான சென்சார் வரைபடம் போட்ட பையன்கள் இருந்தார்கள். வருடக் கடைசியில் எல்லாரும் நினைவில் வைத்திருந்தது லாரியைத்தான்.

16 ஆகஸ்ட்

'அப்படியென்றால் ஏழைப் பிள்ளைகளை வைத்துத் தரவு திரட்டுகிறீர்களா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காரமான கேள்வி, ஆனால் தேவையான கேள்வி. அம்மா வேலை செய்யும் கட்டடத்தின் பெயர் ரிப்போர்ட்டில் வரவில்லை, அந்த அம்மாவைப் பேட்டி எடுக்கவும் இல்லை. ஒருவர் வேலைக்கு உலை வைக்கும் தகவல் மார்க்குக்காகப் பயன்படக் கூடாது என்று முதல் வகுப்பிலேயே எழுதிப் போடுகிறேன். ஏழாம் தேதி எழுதிய ஆபரேட்டருக்கும் இதே விதிதான்.

18 ஆகஸ்ட்

ஓசூரிலிருந்து ஒருவர்: "பெங்களூர்க்காரங்க ஏரின்னு பேசுறீங்க. அந்த நுரை எங்க ஊருக்குத்தான் வருது. எங்களை உங்க படத்துல போட்டீங்களா?"

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். தமிழ்நாட்டு வாசகர்கள் பலருக்கு இந்த வழி தெரியாது: பெல்லந்தூர் நிறைந்து வர்த்தூர் ஏரிக்கு, அங்கிருந்து தட்சிண பினாகினி, அதுதான் நம் தென்பெண்ணை. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை, அப்புறம் கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடைசியில் கடலூர். மதகு திறந்தால் கெலவரப்பள்ளியில் நுரை மலை மலையாக நிற்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பெங்களூரிலிருந்து மாணவர்களை அங்கே கூட்டிப் போனபோது, எல்லைச் சாவடி தாண்டும்வரை அரட்டை அடித்துக்கொண்டு வந்தவர்கள் அணையில் இறங்கியதும் ஆளுக்கொரு பக்கம் நின்றுவிட்டார்கள். பாதிப் பேருக்கு இது தங்கள் குளியலறைத் தண்ணீர் என்பது அப்போதுதான் உறைத்தது.

சட்ட மாணவி ஒருத்தி அந்த வாரம் 1892-ஆம் ஆண்டு மைசூர்–சென்னை ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படித்தாள். தென்பெண்ணைச் சண்டையில் தமிழ்நாடு அதைத்தான் மேற்கோள் காட்டுகிறது. சென்னை மாகாணத்தைக் கேட்காமல் மைசூர் சமஸ்தானம் எந்தெந்த ஆற்றில் புதுப் பாசன வேலை செய்யக் கூடாது என்பது அதன் பொருள். தண்ணீரின் அளவு பற்றிய பேச்சு அது. தண்ணீர் எந்த லட்சணத்தில் வர வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாரும் யோசிக்கவில்லை. 'மேடம், தண்ணி குறைஞ்சா வழக்குப் போடலாம், நாறினா எந்த ஒப்பந்தத்தைக் காட்டுறது?' என்றாள். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இருக்கிறது என்று நான் சொன்னேன். அதன் வாரியங்கள் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி என்று அவள் திருப்பிச் சொன்னாள். சுத்திகரிப்புத் திறன் பற்றி நான் எடுத்த பாடங்கள் எதிலும் மாநில எல்லை வந்ததே இல்லை.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: இந்த வருடப் படத்தில் ஓசூர் இருக்கிறது. ஏரியிலிருந்து அணை வரைக்கும் வரைவது இப்போது கட்டாயம்.

19 ஆகஸ்ட்

ஒரு தகப்பனார்: 'மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ். இதனால் பிளேஸ்மென்டுக்கு என்ன பயன்?'

நேரடியாக எதுவும் உறுதி தர முடியாது சார். ஆனால் பேஸ்மென்டில் சென்சாரை யார் கழுவுவது என்று ஒரு முறை மாட்டிக்கொண்ட பையன், அடுத்து எதைச் செய்தாலும் பயன்படுத்தப்போகும் ஆளிடம் முதலில் போய்ப் பேசுகிறான். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

24 ஆகஸ்ட்

மார்க் எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நூறில் முப்பது, சொந்தப் பாடத்தில் எழுதும் நான்கு பக்கத்துக்கு. முப்பது, அடுத்தவர் பகுதியில் நடக்கும் வைவாவுக்கு. குழு ரிப்போர்ட்டுக்கு இருபதே இருபது. ரிப்போர்ட்டுக்கு அதிகம் வைத்தால் நாற்பது ஸ்லைடு திரும்ப வந்துவிடும். மீதி இருபது கேள்வி நோட்டுக்கு. வாரா வாரம் 'இந்த வாரம் எங்கள் கேள்வி என்ன, போன வாரக் கேள்வியிலிருந்து ஏன் மாறியது' என்று அரைப் பக்கம், கையால், எந்த மொழியிலும். தமிழில் எழுதுகிறவர்கள் உண்டு. கன்னடத்தில் எழுதுவதைப் படிக்க எனக்கு நேரம் அதிகம் எடுக்கும், பரவாயில்லை. கேள்வி ஒரு வாரமும் மாறவில்லை என்றால் மார்க் கிடையாது. காரணம் இல்லாமல் வாரா வாரம் மாறினாலும் கிடையாது.

துறைத்தலைவர்களை ஒத்துக்கொள்ள வைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். ஐந்து துறை டைம்டேபிளில் ஒரே பிற்பகலைக் காலி செய்ய வேண்டும். பல்துறை என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த ஒரு பிற்பகலைக் கொடுத்தால் போதும், மற்றதை ஆசிரியர்களே பார்த்துக்கொள்வோம்.

5 செப்டம்பர்

இந்த வாரம் நகர நிர்வாகமே மாறிவிட்டது, பழைய மாநகராட்சி போய் ஐந்து மாநகராட்சிகள். வகுப்பில் முதல் கேள்வியே, 'இனிமே யாருகிட்ட கேக்கணும்?' இதுவரை மாணவர்கள் போட்டு வைத்திருந்த பட்டியல்: ஏரி, பெங்களூர் மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில்; சாக்கடை குடிநீர் வாரியத்திடம், மழைநீர்க் கால்வாய் மாநகராட்சியிடம், மாசு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடம். பசுமைத் தீர்ப்பாயம் 2018 டிசம்பரில் மாநில அரசுக்கு 50 கோடி, மாநகராட்சிக்கு 25 கோடி என்று அபராதம் போட்டபோது யார் பொறுப்பு என்ற சண்டைதான் பாதி நேரம் ஓடியது. இப்போது பட்டியலை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். படித்து முடித்த பதில் நடு செமஸ்டரில் காலாவதியாகும் அனுபவத்தை எந்தப் பாடத்திட்டமும் அவர்களுக்குக் கொடுத்ததில்லை.

9 செப்டம்பர்

சிவில் ஆசிரியரிடமிருந்து செய்தி. பி.காம். துறைத்தலைவர் ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறாராம். விருஷபாவதி ஆற்றை எடுத்துக்கொண்டு சின்னதாகத் தொடங்கிப் பார்க்கிறேன் என்கிறார். இரண்டு துறை போதும் சார், ஐந்து வேண்டாம். விருஷபாவதி நல்ல தேர்வு. மைசூர் ரோட்டோரம் கண்ணெதிரே ஓடுகிறது, பைரமங்கலா ஏரி வழியாக அர்க்காவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேலே ஏற்றிக் கொண்டுவந்த காவிரி நீரை நாம் எப்படித் திருப்பி அனுப்புகிறோம் என்பது அந்த ஒரே வழியில் தெரியும். பைரமங்கலாவில் அந்தத் தண்ணீரை வைத்துப் பயிர் செய்கிறவர்களைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பி.காம். பிள்ளைகள் அவர்களிடம் விலை கேட்கட்டும், சிவில் பிள்ளைகள் பேசாமல் கேட்டுக்கொண்டு நிற்கட்டும்.

சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போக அனுமதிக் கடிதத்தைக் கன்னடத்தில் எழுதுங்கள். துறைத்தலைவர் கையெழுத்து, மாணவர் பட்டியல், போகும் நாள், மூன்றும் ஒரே தாளில் இருந்தால் மேசை மேசையாக அலைய வேண்டியிருக்காது. எங்கள் கடிதத்தின் நகலைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். பெயர்களை மாற்றிக்கொண்டால் போதும்.